பிந்தனை வேடரும் கண்டி இராச்சியமும்

இலங்கை வரலாறு பற்றிய நூல்கள் பலவற்றிலே வேடர் முதலாம் அத்தியாயத்தில் மாத்திரமே இடம்பெறுகின்றனர். விசயன் வருகை, குவேனி கதை ஆகியவற்றோடு அவர்களைப் பற்றிய குறிப்பு முடிந்துவிடுகின்றது. பின்னர் அரசர்களும் படையெடுப்புகளும் குளங்களும் விகாரைகளும் கோயில்களும் ஏடுகளை நிரப்புகின்றன. ஈற்றில், நமது காலத்து உல்லாசப் பயணக் கையேடுகளிலே, தோளிற் கோடரியுடன் நிற்கும் ஒரு முதியவரின் நிழற்படமாக வேடர் மீண்டும் தோன்றுகின்றனர். இவ்விரு தோற்றங்களுக்கும் இடைப்பட்ட இரண்டாயிரம் ஆண்டுக் காலத்தில் அம்மக்கள் எங்கே இருந்தனர், யாருடன் உறவு கொண்டிருந்தனர், யாருக்குத் திறை கொடுத்தனர், யாருக்காகப் போரிட்டனர் என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாக்களைக் கண்டி இராச்சியக் காலப் பின்னணியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குக் கண்டியும் அதன் சுற்றுப்புறமும் ஏற்ற களமாகும். பேராதனை வழியாகக் கண்டியைச் சுற்றி ஓடும் மகாவலி கங்கை கிழக்கே மலைகளைக் கடந்து சமவெளியில் இறங்கும் இடமே மகியங்கனை. அதனைச் சூழ்ந்த காட்டுப் பிரதேசமே பழைய பிந்தனை. மலைநாட்டுத் தலைநகரையும் வேடர் நிலத்தையும் இணைத்தது இந்த ஆறும் அதனையொட்டிய பாதையுமே. 1602ஆம் ஆண்டிலே மட்டக்களப்பில் வந்திறங்கிய ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வன் ஸ்பில்பேர்கன் பிந்தனை வழியாகவே கண்டி மன்னனைக் காணச் சென்றான். எனவே பிந்தனை என்பது எவரும் அணுகாத தனிக்காடாக இருக்கவில்லை. கீழைக் கரையிலிருந்து அரசனின் வாயிலுக்குச் செல்லும் வழியிலேயே அது அமைந்திருந்தது.

தோற்றம் பற்றிய மரபுகள்

மகாவம்சம் கூறும் கதை யாவரும் அறிந்ததே. விசயன் குவேனியைக் கைவிட்டபின் அவள் வயிற்றிற் பிறந்த மகனும் மகளும் சமந்தகூட மலையை அண்டிய மலைநாட்டிற்குத் தப்பியோடி வாழ்ந்தனர் என்றும், அவர்களது வழித்தோன்றல்களே புளிந்தர் என்றும் அந்நூல் கூறுகின்றது. புளிந்தர் என்னும் சொல் வடமொழியிலும் பாளியிலும் காட்டுவாழ் மக்களைக் குறிக்கப் பொதுவாக வழங்கியதாகும். சப்பிரகமுவ என்னும் பெயர் வேடரைக் குறிக்கும் சபரர் என்னும் சொல்லின் அடியாகப் பிறந்தது என்று கூறுவாரும் உளர். பண்டுகாபயன் அனுராதபுரத்தை அமைத்தபோது வேட்டுவருக்கெனக் குடியிருப்பு ஒதுக்கினான் என்னும் செய்தியும் மகாவம்சத்தில் உண்டு. ஐதிகமாயினும் இதன்கண் ஓர் உண்மை பொதிந்துள்ளது. நகரை அமைத்தோர், வேட்டுவர் தமக்கு அயலில் வாழ்வதை ஏற்றுக்கொண்டிருந்தனர் என்பதே அது.

தொல்லியற் சான்றுகள் இத்தீவில் மனித வாழ்வின் தொன்மையை மேலும் பின்னே கொண்டுசெல்கின்றன. பாகியன்கலைக் குகையிற் கிடைத்த எலும்புக் கருவிகளை ஆராய்ந்தோர், ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு வில்லும் அம்பும் பயன்பட்டிருத்தல் வேண்டும் என 2020இல் வெளியிட்டனர். அக்குகை மாந்தருக்கும் இன்றைய வேடருக்கும் நேர்கோடு கிழித்துவிடுதல் இயலாது. எனினும் காட்டை அறிந்து காட்டிலே வாழும் கலை இம்மண்ணுக்கு நேற்று வந்ததன்று என்பது தெளிவு.

நொக்ஸ் கண்ட வேடர்

கண்டி இராச்சியக் காலத்து வேடரைப் பற்றிய சிறந்த சான்று றொபேட் நொக்ஸ் எழுதியதாகும். 1660இலே சிறைப்பட்டு, இரண்டாம் இராசசிங்கனின் நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1679இலே தப்பிச் சென்ற இவ்வாங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தமது நூலிலே வேடரைப் பற்றி ஒரு பகுதி எழுதியுள்ளார். அவர் தரும் செய்திகளில் மூன்று ஈண்டு நோக்கற்பாலன.

முதலாவது, வேடரும் கொல்லரும் கொண்டிருந்த பண்டமாற்று. அம்பு முனை வேண்டிய வேடன் இரவிலே இறைச்சிச் சுமையைக் கொண்டுவந்து கொல்லனின் பட்டறையிலே தொங்கவிடுவான். அதனருகே, தனக்கு வேண்டிய அம்பின் வடிவில் நறுக்கிய இலை ஒன்றையும் வைத்துச் செல்வான். கொல்லன் அவ்வடிவிற் செய்து கொடுத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிடின் இரவிலே அவனுக்கு அம்பினால் ஆபத்து நேரும். மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இது மனிதரைக் கண்டு அஞ்சும் காட்டு மாந்தரின் செயலாகத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கின், வேடன் இரும்பை நம்பி வாழ்ந்தான் என்பதும், கிராமத்துக் கொல்லன் காட்டு இறைச்சியை எதிர்பார்த்திருந்தான் என்பதும், இருவருக்குமிடையே பேசாமலே நிலவிய ஓர் ஒப்பந்தம் இருந்தது என்பதும் புலனாகும்.

இரண்டாவது, திறை. வேடருள் ஒரு பிரிவினர் யானைத் தந்தம், தேன், மெழுகு, மான் இறைச்சி ஆகியவற்றை அரசனுக்கு அளித்தனர் என நொக்ஸ் குறிப்பிடுகின்றார். திறை கொடுப்போர் குடிகளே ஆவர்.

மூன்றாவது, போர். ஒருமுறை ஒல்லாந்தருக்கு எதிராக அவசரமாகப் படை திரட்ட நேர்ந்தபோது அதிகாரி வேடரையும் அழைத்தார். அவர்கள் வில்லும் அம்பும் ஏந்திச் சென்று ஏனையோருக்குச் சளைக்காது போரிட்டனர். ஆனால் திரும்பி வந்தபின், மீண்டும் படைக்கு அழைக்கப்படலாம் என அஞ்சி, முன்னிலும் ஆழமான காட்டிற்குட் சென்று மறைந்தனர். இச்சிறு நிகழ்ச்சி அரசுக்கும் வேடருக்கும் இடையே நிலவிய உறவின் முழுத் தன்மையையும் காட்டிவிடுகின்றது. அவர்கள் அரசனை அறிந்திருந்தனர். அவன் அழைத்தபோது சென்றனர். அதே வேளையில் அவனுடைய கை எட்டாத தூரத்தைத் தாமே தேர்ந்துகொண்டனர். காட்டின் ஆழத்தில் வாழ்வது அறியாமையின் விளைவு என்று கருதுவோர்க்கு நொக்சின் இக்குறிப்பே போதிய மறுமொழியாகும்.

பேராதனையில் நெடுங்காலம் கற்பித்த மானிடவியலாளர் பேராசிரியர் கணநாத் ஒபயசேகர தமது பிற்கால ஆய்வுகளில் இவ்வுறவை விரிவாக ஆராய்ந்துள்ளார். கண்டி இராச்சியத்தில் வேடரின் இடம் பற்றிய அவரது நூல் 2022இல் வெளிவந்தது. மாத்தளைக் கடயிம்பொத்த முதலிய எல்லை ஏடுகளைச் சான்றாகக் கொண்டு, மாத்தளை போன்ற பகுதிகளிலும் வேடர் ஒரு காலத்திற் பரவி வாழ்ந்தனர் என்றும், எல்லைக் காவல் முதலிய பணிகள் அவர்களிடம் இருந்தன என்றும் அவர் காட்டினார். இன்று சிங்களக் கிராமங்களாக விளங்கும் இடங்கள் சிலவற்றின் பழைய குடிகள் வேடராக இருத்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

வாழ்வும் வழிபாடும்

வேடர் வாழ்வை நேரிற் கண்டு விரிவாக எழுதியோருள் முதன்மையானவர்கள் செலிக்மன் தம்பதியர். 1908இல் இலங்கையில் ஆய்வு நடத்திய இவர்கள் 1911இல் தமது பெருநூலை வெளியிட்டனர். எனிபெத்தை, சீத்தலவன்னி முதலிய இடங்களில் வாழ்ந்த குடும்பங்களின் வழக்கங்கள் அந்நூலில் பதிவாகியுள்ளன.

வேடர் சமுதாயம் 'வருகே' எனப்படும் குலங்களாகப் பிரிந்திருந்தது. மொறனை, உனப்பானை, ஊறு, அம்பலை என்பன அவற்றுட் சில. பல இடங்களிலே பிள்ளைகள் தாயின் குலத்தையே சேர்ந்தனர். ஒரே குலத்தினுள் மணம் செய்தல் விலக்கப்பட்டிருந்தது. மாமன் மகள், அத்தை மகள் ஆகியோரே மணத்திற்கு உரியோர். தமிழரும் சிங்களவரும் கொண்டுள்ள முறைமையும் இதுவே என்பது குறிப்பிடத்தக்கது. மணமகள் தானே முறுக்கிய கயிற்றை மணமகனின் இடையிற் கட்டுவதே திருமணச் சடங்கு. அக்கயிற்றை அவன் களைதல் இல்லை. மாமனார் தமக்குரிய வேட்டை நிலத்தின் ஒரு பகுதியை மருமகனுக்கு அளிப்பதும் உண்டு. அவ்வாறு அளிக்கும்போது தலைமயிர்க் கற்றையோ, பல்லோ, தீத்தட்டும் கல்லும் இரும்புமோ அடையாளமாகக் கொடுக்கப்பட்டன. உறுதி எழுதும் வழக்கம் இல்லாத இடத்தில் இப்பொருள்களே உறுதியாயின. காடு எவருக்கும் உரிமையில்லாத வெற்று நிலம் என்னும் எண்ணம் வேடருக்கு இருக்கவில்லை. எந்த மலைச்சாரல் எவருடையது, எந்தத் தேன்பாறை எக்குடும்பத்திற்கு உரியது என்பதை அவர்கள் திட்டமாக அறிந்திருந்தனர். இவ்வுண்மை பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாததாகும்.

வேட்டை, கிழங்கு அகழ்தல், தேன் எடுத்தல் ஆகிய மூன்றும் அவர்களது உணவுக்கு ஆதாரமாயின. மான், மரை, உடும்பு, குரங்கு என்பன வேட்டைப் பொருள்கள். செங்குத்தான பாறைகளில் மலைத்தேனீ கட்டும் கூடுகளைக் கொடியேணியில் தொங்கி, புகையூட்டி அழித்துத் தேன் எடுத்தல் உயிரைப் பணயம் வைக்கும் தொழிலாகும். இறைச்சியைத் தேனில் இட்டு, மரப்பொந்தில் வைத்து, களிமண்ணால் அடைத்துக் காக்கும் முறையையும் நொக்ஸ் குறிப்பிட்டுள்ளார். பிற்காலத்திலே சேனைப் பயிர்ச்செய்கையும் இவற்றோடு சேர்ந்தது. குரக்கனும் சோளமும் வேடர் உணவாயின.

வழிபாட்டிலே இறந்தோரின் ஆவிகளே முதலிடம் பெற்றன. அண்மையில் இறந்த உறவினர் 'நே யக்கு' எனப்பட்டனர். ஒருவர் இறந்து சில நாட்களின் பின் சோறும் தேங்காயும் படைத்து அவரது ஆவி அழைக்கப்படும். பூசாரியின்மேல் அது இறங்கி, தனக்கு இட்ட உணவை ஏற்றுக்கொண்டதாகவும், வேட்டைக்கும் தேனுக்கும் துணை நிற்பதாகவும் உறவினரின் தோள்களைத் தழுவிக் கூறும். பெருவேட்டைக்காரனாக வாழ்ந்து தெய்வமாகிய கந்தே யக்கா, அவனுடைய தம்பி பிலிந்தி யக்கா ஆகியோருக்கு எடுக்கும் கிரிகொறகா என்னும் சடங்கிலே, தேங்காய்ப்பால் நிறைந்த பாத்திரத்தைச் சுற்றி அம்பேந்தி ஆடுவர். இறந்தவர் அஞ்சப்படும் பேயாக அல்லாது குடும்பத்தின் ஓர் உறுப்பினராகவே தொடர்ந்து கருதப்பட்டமை இவ்வழிபாட்டின் உள்ளீடாகும்.

மொழியைப் பொறுத்தவரை, வேடர் மொழி சிங்கள அடிப்படையில் அமைந்த கலப்பு மொழி என்பதே மொழியியலாளர் பலரின் முடிபு. கே. என். ஓ. தர்மதாச முதலியோர் இதனை ஆராய்ந்துள்ளனர். ஞாயிறு 'இரபொஜ்ஜ' எனவும் திங்கள் 'ஹந்தபொஜ்ஜ' எனவும் அம்மொழியில் வழங்கும். மக்களைக் குறிக்கும் சொல் 'எத்தோ'. தம்மை அவர்கள் 'வன்னியல எத்தோ', அதாவது காட்டு மக்கள் என்றே அழைக்கின்றனர். வேடர் என்பது பிறர் இட்ட பெயராகும்.

கிளர்ச்சியும் மண்டையோடுகளும்

1815இலே கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. மூன்று ஆண்டுகளுக்குள் ஊவா, வெல்லசைப் பகுதிகளிற் கிளர்ச்சி மூண்டது. அரசுரிமை கோரியவன் முதலில் வெளிப்பட்டது வேடர் வாழ்ந்த நிலப்பகுதியிலேயே. அச்செய்தியை விசாரிக்கச் சென்ற சில்வெஸ்டர் வில்சன் என்னும் அதிகாரி 1817இல் அம்பெய்து கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பிட்டிப்பொலைத் திசாவை கிளர்ச்சியாளருடன் சேர்ந்துகொண்டார். அவர் 1818 நவம்பர் 26ஆம் நாள் கண்டியில் தலை துணிக்கப்பட்டார். ஊவாவில் வயல்களும் வீடுகளும் எரிக்கப்பட்டன. அரசனின் படைக்கு அழைக்கப்பட்டபோது பின்வாங்கிய மக்களின் காடு, அவ்வரசு வீழ்ந்தபின் அதனை மீட்க எண்ணியோரின் புகலிடமாயிற்று.

கெப்பிட்டிப்பொலையின் மண்டையோடு எடின்பரோ நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, தலையோட்டின் வடிவை வைத்துக் குணம் கூறும் போலி அறிவியலின் காட்சிப் பொருளாயிற்று. நாடு சுதந்திரம் பெற்றபின், 1954இல் அது திரும்பப் பெறப்பட்டுக் கண்டியிலே தலதா மாளிகை முன்றலில் நினைவுத்தூணின் கீழ் வைக்கப்பட்டது. அதே நகரத்துப் பல்கலைக்கழகத்திலே வேடர் மண்டையோடுகளும் இருந்தன. அவற்றுள் ஒன்பது 2019 நவம்பரிலேயே வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோவிடம் கையளிக்கப்பட்டன. ஒரு திசாவையின் தலை திரும்பியதற்கும் வேடரின் தலைகள் திரும்பியதற்கும் இடையே 65 ஆண்டுகள் கழிந்தன. நாட்டின் வரலாற்றில் யார் வீரர், யார் ஆய்வுப் பொருள் என்று நாம் வகுத்துக்கொண்டதன் அளவுகோலாக இவ்விடைவெளியைக் கொள்ளலாம்.

'அழியும் இனம்' என்னும் கருத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஆய்வாளர் வேடரிடம் தேடியது மனிதகுலத்தின் ஆதிநிலையை. சுவிற்சலாந்தைச் சேர்ந்த சரசின் உறவினர் இருவரும் மண்டையோடுகளை அளந்தனர். 'தூய' வேடரைக் காணவேண்டும் என்ற வேட்கையிலே, நெல் விதைத்தவரும் அயலாருடன் மணம் செய்தவரும் வேடர் அல்லர் எனத் தள்ளப்பட்டனர். செலிக்மன் தம்பதியர்கூட, பயணிகளுக்கெனக் காட்சி நிற்கப் பழகிவிட்ட வேடரை அன்றே கண்டனர். தூய்மை என்னும் வரைவிலக்கணத்தை இறுக்க இறுக்க எண்ணிக்கை குறைந்தது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 5,000க்கு மேற்பட்டோர் வேடராகக் கணிக்கப்பட்டனர். 1963இலே 400 பேர் அளவிலேயே கணிக்கப்பட்டனர். இத்தனை மக்களும் மாண்டுவிட்டனர் என்று கொள்வதற்கில்லை. ஜேம்ஸ் புறோ 1978இல் வெளியிட்ட நூல் அனுராதபுர மாவட்டத்தில் வேடர் எனத் தம்மை அழைத்துக்கொண்டு பயிர்செய்து வாழும் ஊர்களை ஆராய்கின்றது. மாறியது பெரும்பாலும் கணக்கெடுப்போர் எழுதிய பெயரே.

இக்கருத்து ஏட்டளவில் நின்றிருந்தால் கேடு சிறிதாக இருந்திருக்கும். அழியப்போகும் மக்களின் நிலத்தை வெற்று நிலமாகக் கருதுதல் எளிது. 1949இலே தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் எனிபெத்தைப் பகுதி வேடர் இடம்பெயர நேர்ந்தது. 1977இன் பின் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம் பிந்தனைக் காடுகளை நீர்ப்பாசன நிலமாக்கியது. 1983 நவம்பரிலே 58,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் மாதுறு ஓயாத் தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. வேடர் குடும்பங்கள் பல எனானிகலையிற் குடியேற்றப்பட்டன. தம்பானைத் தலைவர் திசாகாமி வெளியேற மறுத்தார். தலைமுறைகளாக வேட்டையாடிய காட்டினுள் நுழைவதே அம்மக்களுக்குக் குற்றமாயிற்று. மலைநாட்டு நீரும் மின்வலுவும் நாட்டுக்குப் பெரும் பயன் அளித்தன என்பதை மறுத்தல் இயலாது. ஆயின் அப்பயனின் விலையை ஒரு சிறு சமுதாயமே பெரும்பங்கு செலுத்தியது என்பதையும் மறத்தல் ஆகாது. திசாகாமி 1998இல் காலமானார். அவருக்குப்பின் தலைமையேற்ற மகன் வன்னில எத்தோ, 1996இலேயே செனீவாவில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதிக்குடிகள் பற்றிய கூட்டத்தில் கலந்துகொண்டவர். இரம்பகன் ஓயாப் பகுதிக் காட்டு நிலம் சோளச் செய்கைக்கு ஒதுக்கப்பட்டமைக்கு எதிராக 2020இல் நீதிமன்றையும் அவர் நாடினார்.

பிற நாட்டு அனுபவம்

கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள தீவுகளில் வாழும் ஹைடா மக்களின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத் தக்கது. அவர்கள் காகம், கழுகு என்னும் இரு பெரும் பிரிவினர். பிள்ளை தாயின் பிரிவைச் சேரும். மணம் மறு பிரிவிலேயே நிகழும். தேவதாரு மரத்திற் குடைந்த பெருந்தோணிகளும், குலச் சின்னங்கள் செதுக்கிய நெடுந்தூண்களும் அவர்களது கலைச் சிறப்பைக் காட்டுவன. 1862இல் பரவிய அம்மை நோய் அவர்களுள் மிகப் பலரைக் கொன்றது. செல்வத்தைப் பகிர்ந்தளிக்கும் அவர்களது பெருவிழா 1951 வரை சட்டத்தினால் தடுக்கப்பட்டிருந்தது. அவர்களையும் 'அழியும் இனம்' என்றே அக்காலத்து அறிஞர் எழுதினர். ஆயினும் 1985இலே மரம் வெட்டும் நிறுவனங்களின் பாதையை மறித்து நின்று காட்டைக் காத்தனர். அருங்காட்சியகங்களிலிருந்து முன்னோரின் எலும்புகளை மீட்டு அடக்கம் செய்தனர். 2010இல் அத்தீவுகளின் பெயர் ஹைடா குவாய் என மாற்றப்பட்டது. 2024இல் தீவுகள் முழுவதன் மீதும் அவர்களது நிலவுரிமையை மாகாண அரசு ஏற்றுக்கொண்டது. வேடரின் நிலையும் வலிமையும் வேறு. எனினும் தேசிய வனமும் ஆதிக்குடிகளும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதற்கு, அங்கே காட்டை அம்மக்களும் அரசும் சேர்ந்து பேணும் முறை சான்று பகர்கின்றது.

தமிழ் பேசும் வேடர்

ஈற்றாகத் தமிழ் மாணவராகிய நாம் சிந்திக்கவேண்டிய ஒன்று உண்டு. வேடர் என்றதும் தம்பானையே நினைவுக்கு வருகின்றது. வாகரை, பனிச்சங்கேணி, மாங்கேணி தொடக்கம் வெருகல், மூதூர் வரை கீழைக் கரையில் தமிழ் பேசி வாழும் வேடர் உள்ளனர். மீன்பிடி, தேனெடுத்தல், சேனைப் பயிர் என்பன அவர்களது தொழில்கள். குமார தெய்வம் முதலிய தெய்வங்களுக்கு அவர்கள் சடங்கு செய்கின்றனர். கடல் வழியாகக் கப்பலில் வந்த தெய்வங்களும் அவர்களது வழிபாட்டில் உள. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும், 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையில் நிகழ்ந்த போரும் அவர்களைப் பெரிதும் அலைக்கழித்தன. வேடர் மொழியைப் பேசாமையால் வேடர் எனவும், கரையோரக் காட்டில் வாழ்தலால் ஏனைய தமிழர் எனவும் முழுமையாக ஏற்கப்படாத நிலை அவர்களுடையது.

நமது சமய மரபோ வேடரைப் பெரிதும் கொண்டாடுவது. கதிர்காமத்து வள்ளி வேடர் குலத்தில் வளர்ந்தவள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரரின் இலிங்கம் வேடன் ஒருவன் மரம் வெட்டியபோது வெளிப்பட்டது என்பது ஐதிகம். கோயிற் கதையில் வேடருக்கு அளித்த இடத்தைச் சமுதாய வாழ்விலும் கல்வியிலும் நாம் அளித்துள்ளோமா என்பது வினாவுக்குரியது. தம்பானை வேடரைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நூல்கள் குவிந்துள்ளன. கீழைக் கரை வேடரின் சடங்குப் பாடல்களையும் குலப் பெயர்களையும் ஊர் வரலாறுகளையும் திரட்டுவது தமிழ் அறிந்தோரால் மாத்திரமே செம்மையாக ஆகக்கூடிய பணி. அவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இப்பணியைக் களஆய்வாக மேற்கொள்ள வரலாறும் தமிழும் பயிலும் மாணவர் முன்வருதல் வேண்டும். வேடர் வரலாறு முதலாம் அத்தியாயத்தோடு முடிந்துவிடவில்லை. எஞ்சிய அத்தியாயங்களை எழுதுவதற்கான சான்றுகள் நம் கைக்கெட்டிய தூரத்திலேயே உள்ளன.